விடுபட்ட வரியும் வெற்று வரியும்



தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். கிராணியார் செக்ரோலைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் குரல் கொடுத்தால் ஒரு குறி. வராவிட்டால் வேறொரு குறி. மாத முடிவில் அந்தக் குறிகளை எண்ணித்தான் சம்பளம் போடுவார்கள்.

அந்தச் செக்ரோலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் வேலைக்கு வந்திருந்தால் அவர் பெயருக்கு எதிரே குறி விழுகிறது. அது முதல் நிலை. வராதவர் பெயருக்கு எதிரே வரவில்லை என்று எழுதப்படுகிறது. அது இரண்டாவது நிலை. மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. அதில் ஆளின் பெயரே ஏட்டில் இல்லை. இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் அன்றைய கூலி ஒன்றுதான்; இருவருக்கும் பூஜ்யம். ஆனால் இருவர் நிலையும் ஒன்றா? வராதவர் நாளைக்கு வந்தால் கூலி உண்டு. பெயர் விடுபட்டவரோ மாதம் முழுவதும் வந்து நின்றாலும் அவருக்குக் கணக்கே இல்லை. கூலி பூஜ்யமாக இருப்பதும் பெயரே இல்லாமல் போவதும் வேறு வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏட்டில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரில் ஆள் இருக்காது. இல்லாத ஆளுக்கும் குறி விழுந்தால் அந்தக் கூலி எங்கே போகிறது என்று கேட்க வேண்டியிருக்கும். ஆகவே செக்ரோலைச் சரிபார்க்க விரும்புகிறவர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். களத்தில் நிற்பவர் எல்லாரும் ஏட்டில் இருக்கிறார்களா? ஏட்டில் இருப்பவர் எல்லாரும் களத்தில் நிற்கிறார்களா? ஒன்றை மட்டும் கேட்டு மற்றதை விட்டால் பாதிக் கணக்குத்தான் சரிபார்க்கப்பட்டதாகும்.

இந்தப் பழைய அறிவுதான் இன்றைய கணிப்பொறி நிரல்களைச் சோதிக்கும் வேலையிலும் தேவைப்படுகிறது. நிரல் என்றால் புரோகிராம். நம் பிள்ளைகளில் பலர் அந்தத் துறையில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்டால் விளக்குவது கடினமாக இருக்கலாம். அந்த வேலையின் ஒரு சிறு பகுதியை இன்று சிங்கப்பூரைக் களமாக வைத்து விளக்க முயல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் அங்கே திரளும் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். சிராங்கூன் சாலையின் இருபுறமும், தேக்கா சந்தையைச் சுற்றியும், ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலிலும் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், சாமான் வாங்குகிறார்கள், நண்பர்களைச் சந்திக்கிறார்கள். அவர்கள் சட்டைப் பையிலோ கைத்தொலைபேசியிலோ ஒரு சம்பளச் சீட்டு இருக்கும். நம் பேச்சுக்கு அந்தச் சீட்டுத்தான் உதாரணம்.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களுக்கு முதலாளிகள் வரி வரியாகப் பிரித்துக் காட்டிய சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும். சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். முடியாவிட்டால் மூன்று வேலை நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். அச்சிட்டும் தரலாம், கையால் எழுதியும் தரலாம், கணிப்பொறி வழியாகவும் அனுப்பலாம். அதில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும் என்பதும் வகுக்கப்பட்டிருக்கிறது. முதலாளியின் பெயர், ஊழியரின் பெயர், பணம் கொடுத்த தேதி, அடிப்படைச் சம்பளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்குமான சம்பளம், படிகள், மற்றக் கூடுதல் தொகைகள், பிடித்தங்கள், மேலதிக நேரம் வேலை செய்த மணிகள், அதற்கான சம்பளம், கடைசியில் கைக்கு வரும் நிகரச் சம்பளம் ஆகியவை அவை.

இந்தச் சீட்டின் அமைப்பைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு பெயர். வலப்பக்கம் ஒரு மதிப்பு. ‘அடிப்படைச் சம்பளம்’ என்பது பெயர். 800 வெள்ளி என்பது மதிப்பு. இப்படிப் பெயரும் மதிப்பும் இணை இணையாக அமைந்த பட்டியலைக் கணிப்பொறிக்காரர்கள் ‘மேப்’ என்று சொல்வார்கள். ஊர், நாடு காட்டும் நிலப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இடப்பக்கத்துப் பெயரை அவர்கள் ‘கீ’, அதாவது சாவி என்கிறார்கள். சாவியைப் போட்டால் பெட்டி திறந்து உள்ளே இருப்பது கிடைப்பதுபோல, பெயரைச் சொன்னால் அதற்குரிய மதிப்பு கிடைக்கிறது. பொருத்தமான சொல்தான்; நாமும் அதையே பயன்படுத்துவோம்.

சம்பளச் சீட்டுத் தயாரிக்கும் நிரல் ஒன்றை ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? ஒரு மாதிரித் தொழிலாளியை எடுத்துக்கொண்டு, அவருடைய சீட்டு எப்படி வர வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டு முன்கூட்டி எழுதி வைக்கிறோம். இது எதிர்பார்ப்புப் பட்டியல். பிறகு நிரலை ஓட்டுகிறோம். நிரல் ஒரு பட்டியலைத் தருகிறது. இது கிடைத்த பட்டியல். இரண்டையும் ஒப்பிடுகிறோம். ஒத்திருந்தால் சோதனை வெற்றி. இல்லாவிட்டால் நிரலில் பிழை. ஒப்பிடும் இந்த வேலையையும் கணிப்பொறியே செய்யும். நிரலில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான சோதனைகள் சில விநாடிகளில் தாமாக ஓடி முடியும்.

நம் மாதிரித் தொழிலாளிக்கு மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. அந்த மாதம் 20 மணி நேரம் மேலதிகமாக வேலை செய்தார். சிங்கப்பூர் முறைப்படி, மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டின் 52 வாரத்துக்கு வாரம் 44 மணி வீதம் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் கிடைக்கும். 800 வெள்ளிக்கு அது சுமார் 4 வெள்ளி 20 காசு. மேலதிக நேரத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு, சுமார் 6 வெள்ளி 29 காசு. 20 மணிக்கு 125 வெள்ளி 87 காசு. பிடித்தம் எதுவும் இல்லை, ஆகவே பூஜ்யம். நிகரச் சம்பளம் 925 வெள்ளி 87 காசு. எதிர்பார்ப்புப் பட்டியலில் ஐந்து சாவிகளை எழுதுகிறோம்: அடிப்படைச் சம்பளம், மேலதிக மணி, மேலதிகச் சம்பளம், பிடித்தம், நிகரச் சம்பளம்.

இனி ஒப்பிடும் வேலைக்கு வருவோம். பிழைகள் நுழைவது இங்கேதான்.

ஒப்பிடும் நிரலை ஒருவர் இப்படி எழுதுகிறார்: ‘கிடைத்த பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடு, எதிர்பார்ப்புப் பட்டியலில் அதே வரியைப் பார், மதிப்பு ஒத்திருந்தால் சரி.’ கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சீட்டுத் தயாரிக்கும் நிரலில் யாரோ செய்த மாற்றத்தால் ‘மேலதிக மணி’ என்னும் வரியே அச்சாகாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பட்டியலில் நான்கு வரிகள்தான் இருக்கின்றன. நான்கும் சரியாக ஒத்துப்போகின்றன. சோதனை வெற்றி என்று பச்சை விளக்கு எரிகிறது. ஐந்தாவது வரியை யாரும் தேடவில்லை.

பணம் சரியாகத்தானே வந்திருக்கிறது, மணி அச்சாகாவிட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். இந்த மாதம் நட்டமில்லைதான். அடுத்த மாதம் அவர் 24 மணி நேரம் மேலதிகமாக வேலை செய்கிறார். எங்கோ நேர்ந்த தவறால் 20 மணி என்றே கணக்கில் ஏறுகிறது. அவருக்கு 25 வெள்ளிக்கு மேல் குறைகிறது. சீட்டில் ‘மேலதிக மணி 20’ என்று ஒரு வரி இருந்திருந்தால், ‘ஐயா, நான் 24 மணி வேலை செய்தேனே’ என்று அவர் அன்றைக்கே கேட்டிருப்பார். வரி இல்லாததால் 125 வெள்ளி 87 காசு என்ற தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார். தவறைக் கண்டுபிடிக்க அவர் கையில் இருந்த ஒரே கருவி அந்த வரி.

இரண்டாவது வகைப் பிழை இன்னும் நுட்பமானது. இந்தத் தடவை ஒப்பிடுபவர் எதிர்பார்ப்புப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார். ஒவ்வொரு சாவியையும் கிடைத்த பட்டியலில் போட்டுப் பார்க்கிறார். இங்கே கணிப்பொறி மொழிகளின் பழக்கம் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கூகிள் நிறுவனத்தில் உருவாகி 2009இல் வெளியிடப்பட்ட ‘கோ’ என்னும் மொழியில், பட்டியலில் இல்லாத சாவியைப் போட்டுக் கேட்டால் அது ‘இல்லை’ என்று பதில் சொல்லாது. எண்களின் பட்டியலாக இருந்தால் ‘பூஜ்யம்’ என்று சொல்லிவிடும். பெயரே ஏட்டில் இல்லாதவரைப் பற்றிக் கேட்டால், ‘அவருக்குக் கூலி பூஜ்யம்’ என்று கிராணியார் பதில் சொல்வது போன்றது இது. சொன்னது பொய்யன்று; ஆனால் கேட்டவர் ஏமாந்துபோவார்.

நம் மாதிரித் தொழிலாளிக்குப் பிடித்தம் பூஜ்யம். கிடைத்த பட்டியலில் ‘பிடித்தம்’ என்னும் வரியே விடுபட்டிருந்தாலும், கேட்கும்போது பூஜ்யம் என்றே பதில் வரும். பூஜ்யமும் பூஜ்யமும் ஒன்று, சோதனை வெற்றி. இரண்டு மாதம் கழித்து வேறொருவருக்கு உண்மையிலேயே 50 வெள்ளி பிடிக்கிறார்கள். நிகரச் சம்பளம் 50 வெள்ளி குறைந்து வருகிறது. எதற்காகக் குறைந்தது என்று சொல்லும் வரி சீட்டில் இல்லை.

வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டால் போதாதா என்று சிலருக்குத் தோன்றும். இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து வரிகள் இருந்தால் எதுவும் விடுபடவில்லை அல்லவா? அதுவும் போதாது. ஒரு பக்கம் ‘பிடித்தம் பூஜ்யம்’ என்றும், மறுபக்கம் அதற்குப் பதிலாக ‘கழிவு’ என்று வேறொரு பெயரில் ஒரு வரியும் இருக்கலாம். எண்ணிக்கை ஐந்துக்கு ஐந்து. ‘பிடித்தம்’ என்னும் சாவியைப் போட்டுக் கேட்டால் மறுபக்கம் பூஜ்யம் என்கிறது. எல்லாம் ஒத்துவிட்டன! ஆனால் இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். கோ மொழியைப் பற்றி டானவன், கெர்னிகன் என்னும் இரு வல்லுநர்கள் 2015இல் வெளியிட்ட பாடநூல் இதே பொறியைச் சிறு உதாரணத்தோடு எடுத்துக்காட்டி எச்சரிக்கிறது. கைதேர்ந்தவர்களும் விழக்கூடிய பள்ளம் என்பதால்தான் பாடநூலில் எழுதி வைத்தார்கள்.

இந்தப் பள்ளத்தைத் தாண்ட அந்த மொழியிலேயே வழி இருக்கிறது. சாவியைப் போட்டுக் கேட்கும்போது இரண்டு பதில்களைக் கேட்டு வாங்கலாம். மதிப்பு என்ன என்பது முதல் பதில். அந்தச் சாவி பட்டியலில் உண்மையாகவே இருக்கிறதா என்பது இரண்டாவது பதில். ஜாவா மொழியிலும் இதைப்போல, மதிப்பைக் கேட்பதற்கு ஒரு கட்டளையும் சாவி இருக்கிறதா என்று கேட்பதற்கு வேறொரு கட்டளையும் உண்டு. இரண்டாவதைக் கேட்பதற்குச் சோம்பல்படும்போதுதான் கோளாறு நுழைகிறது.

அப்படியானால் கண்டிப்பான முறை எது? நாம் முதலில் சொன்ன செக்ரோல் முறைதான். மதிப்புகளைத் தொடுவதற்கு முன்பாகச் சாவிகளை மட்டும் எடுத்து இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். எதிர்பார்ப்பில் இருந்து, கிடைத்ததில் இல்லாத சாவிகள் ஒரு குவியல், அவை விடுபட்டவை. கிடைத்ததில் இருந்து, எதிர்பார்ப்பில் இல்லாதவை இன்னொரு குவியல், அவை மிகையானவை. இரண்டு குவியல்களும் காலியாக இருந்தால்தான் அடுத்த படிக்குப் போய் மதிப்புகளை ஒப்பிட வேண்டும். ஒரு குவியலில் ஒரு சாவி இருந்தாலும் சோதனை தோல்வி. தோல்வி என்று மட்டும் சொன்னால் போதாது. ‘பிடித்தம் விடுபட்டது, கழிவு மிகையாக வந்தது’ என்று பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தவுடனே, யாரோ பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது நிரல் எழுதியவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் இருப்பதும் உண்டு. ‘படிகள்’ என்னும் சாவிக்குள் சாப்பாட்டுப் படி, போக்குவரத்துப் படி என்று தனிப்பட்டியல் இருக்கலாம். மேல்தட்டில் கண்டிப்பாக இருந்துவிட்டு உள்தட்டில் கண்ணை மூடிக்கொண்டால் பயனில்லை. ஒவ்வொரு தட்டிலும் இதே இருபக்கக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

மிகையான வரியால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டத் தேவை போன்ற தக்க காரணம் இல்லாமல் நிறுவனங்கள் மக்களின் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டு நெறிகள் நடைமுறைக்கு வந்தன. பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் போக வேண்டிய ஒரு பட்டியலில், யாரும் கேட்காமலே அடையாள அட்டை எண்ணும் சேர்ந்து போய்விட்டால் என்ன ஆகும்? எதிர்பார்த்த வரிகள் எல்லாம் இருக்கின்றன, சரியாகவும் இருக்கின்றன. மிகையைத் தேடாத சோதனை இதைக் கண்டுகொள்ளாது. அந்தரங்கம் வெளியே போன பிறகுதான் தெரியவரும்.

சாவி ஒத்திருக்கிறது என்று எப்போது சொல்லலாம் என்பதும் ஒரு கேள்வி. அதற்கு விடை காண லிட்டில் இந்தியாவின் தெருக்களுக்கே மறுபடியும் போகலாம்.

தேக்கா சந்தையின் ஓரமாகச் செல்வது பஃபலோ சாலை. அதற்கு அடுத்தாற்போல் இணையாகச் செல்வது கெர்பாவ் சாலை. பஃபலோ என்றால் ஆங்கிலத்தில் எருமை. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வியாபாரமும் நடந்ததன் அடையாளங்கள் இந்தப் பெயர்கள். பொருள் ஒன்றுதானே என்று ஒரு தெருவுக்குரிய கடிதத்தை மற்றத் தெருவில் போடலாமா? கெர்பாவ் சாலையில், 1900இல் கட்டப்பட்டு இன்று பல வண்ணங்களில் மிளிரும் டான் டெங் நியா வீட்டைத் தேடி வருபவர் பஃபலோ சாலையில் அலைந்தால் கிடைக்காது. பொருள் ஒன்றானாலும் பெயர் வேறு, சாவி வேறு. ஒப்பிடும் நிரலும் ‘ஏறக்குறைய இதுதான்’ என்று தானாக முடிவு செய்யக்கூடாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அங்கேயே இருக்கிறது. தேக்கா சந்தை 1982இல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அதற்கு ‘சூஜியாவ் நிலையம்’ என்று பெயர் வைத்தார்கள். தேக்கா என்னும் பழைய பெயரின் மாண்டரின் உச்சரிப்புத்தான் அது. மக்கள் நாவில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 2000இல் மறுபடியும் தேக்கா நிலையம் என்றே பெயர் மாற்றினார்கள். பழைய பட்டியலில் ‘சூஜியாவ்’ இருக்கும்; புதிய பட்டியலில் ‘தேக்கா’ இருக்கும். கண்டிப்பான சோதனை ‘ஒன்று விடுபட்டது, ஒன்று மிகை’ என்று அறிவிக்கும். இரண்டும் ஒரே இடம் என்று தீர்ப்புச் சொல்வது மனிதர் வேலை. அந்தத் தீர்ப்பை யாருக்கும் தெரியாமல் எடுக்காமல், ‘இந்தப் பெயர் இப்படி மாறியது’ என்று நிரலில் எழுதி வைக்க வேண்டும். பெயர்கள் இப்படித் தடுமாற வைக்கும்போது எண்கள் உதவுகின்றன. 1995இல் சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தபோது, கட்டடத்துக்குக் கட்டடம் தனி எண் கிடைத்தது.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தைக் கணிப்பொறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ஸ’ என்னும் எழுத்தை அடிப்படையாகக் கொண்டது ஒரு விதம். 2005இல் யூனிகோடு எழுத்து அட்டவணையில் சேர்ந்த ‘ஶ’ என்னும் எழுத்தை அடிப்படையாகக் கொண்டது மற்றொரு விதம். திரையில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணிப்பொறிக்கோ அவை வேறு வேறு. ‘கொ’ என்பதையும் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஆகவே தமிழில் சாவிகளை வைத்துக்கொள்பவர்கள், ஒப்பிடுவதற்கு முன்பாக எல்லாவற்றையும் ஒரே விதமான எழுத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ‘கொ’ போன்றவற்றை மாற்றிக்கொள்ளப் பொது விதி யூனிகோடிலேயே இருக்கிறது. ‘ஸ்ரீ’க்கு அந்த விதி உதவாது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதால் சரி என்று விட்டுவிடக்கூடாது.

இனிச் சோதனைக் கருவிகளைப் பற்றிச் சிறிது சொல்வோம். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு ‘ஜெஸ்ட்’ என்றொரு சோதனைக் கருவி உண்டு. அதில் ஒப்பிடுவதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ‘டு ஈக்குவல்’ என்பது சற்று இளகிய கட்டளை. ஒரு பக்கம் சாவி இருந்து அதன் மதிப்பு வரையறுக்கப்படாமல் கிடந்தாலும், மறுபக்கம் அந்தச் சாவியே இல்லாவிட்டாலும், இரண்டும் ஒன்று என்று அது விட்டுவிடும். ‘டு ஸ்ட்ரிக்ட் ஈக்குவல்’ என்பது கண்டிப்பான கட்டளை. அது அப்படி விடாது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இந்த இரண்டின் வேறுபாட்டை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

பைதான் மொழியின் கதை இன்னும் சுவையானது. ஒரு பட்டியல் மற்றொரு பட்டியலுக்குள் அடங்குகிறதா என்று ஒருபக்கமாக மட்டும் பார்க்கும் கட்டளை ஒன்று அதன் சோதனைத் தொகுப்பில் இருந்தது. எந்தப் பட்டியலை முதலில் எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது என்ற வரிசையையே அதில் தலைகீழாக அமைத்துவிட்டார்கள். அதனால் பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய சோதனைகள் தோல்வி கண்டு குழப்பின. பைதான் 3.2 பதிப்பு வந்தபோது அந்தக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2023இல் வந்த 3.12 பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள். ஒருபக்கச் சோதனையில் எது எந்தப் பக்கம் என்பதே பெரிய சங்கதியாகிவிடுகிறது. இருபக்கமும் பார்க்கும் சோதனையில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அப்படியானால் எப்போதும் எதிலும் கண்டிப்பாகவே இருக்க வேண்டுமா? அப்படியும் சொல்வதற்கில்லை. சம்பளச் சீட்டு விதியே இதற்கு நல்ல பாடம் தருகிறது. ஒரு வரி அந்த ஊழியருக்குப் பொருந்தாது என்றால் அதை விட்டுவிடலாம் என்று அந்த விதி சொல்கிறது. மேலதிக நேரச் சம்பளத்துக்கு உரியவர் அல்லாத ஒருவருடைய சீட்டில் மேலதிக நேர வரிகள் இல்லாமல் போனால் அது குற்றமன்று. மேலதிக நேரத்துக்கு உரிய கட்டுமானத் தொழிலாளியின் சீட்டில் மேலதிக நேரம் வேலை செய்த மாதத்திலும் அந்த வரிகள் விடுபட்டால் அது குற்றம். விடுபட்டது இரண்டிலும் ஒன்றேதான். வேறுபாடு எங்கே இருக்கிறது? யாருக்கு எது பொருந்தாது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதில் இருக்கிறது.

சோதனை எழுதுவோருக்கும் இதுவே விதி. சில சாவிகள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றால், அவை எவை என்று பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். ஒரு வரியின் மதிப்பு ஒவ்வொரு தடவையும் மாறும் என்றால், உதாரணமாக அச்சடித்த நேரம் என்றால், அந்தச் சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மதிப்பை விட்டுவிடலாம். இவை தளர்வுகள்தான், ஆனால் வெளிப்படையாக எழுதப்பட்ட தளர்வுகள். அடுத்து வருபவர் படித்தால் காரணம் புரியும்.

கண்டிப்பான சோதனையால் தொல்லையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சீட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தால் பழைய சோதனைகள் பலவும் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கைக் காட்டும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். வேலை அவசரத்தில் இருக்கும் இளைஞருக்கு, ‘மொத்தமாகத் தளர்த்திவிட்டால் தொல்லை விட்டது’ என்று தோன்றும். அப்படித் தோன்றும் நேரத்தில்தான் நிதானம் வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கு, ‘நீ ஒரு வரியைச் சேர்த்தாய், இது உனக்குத் தெரிந்துதான் நடந்ததா?’ என்று கேட்கிறது. ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டு எதிர்பார்ப்புப் பட்டியலைத் திருத்துவது சில நிமிட வேலை. அந்தக் கேள்வியே எழாமல் செய்துவிட்டால், தெரியாமல் நடப்பவையும் தெரிந்து நடந்தவைபோல் ஓடிப்போகும்.

நேயர்களே, கணிப்பொறியைத் தொடாதவர்களும் இந்த முறையை வீட்டில் பயன்படுத்தலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில், உங்கள் சம்பளச் சீட்டில் என்னென்ன வரிகள் வர வேண்டும் என்று முதலில் எழுதி வையுங்கள். இது உங்கள் எதிர்பார்ப்புப் பட்டியல். தினமும் வேலை செய்த மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டு வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் வரிகளைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் எது சீட்டில் இல்லை? சீட்டில் இருப்பதில் எதை நீங்கள் எழுதவில்லை? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு தொகைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கடைசி வரியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடினாலும் மொத்தம் ஒத்துவரும்.

பெரட்டுக் களத்தில் வயதான தாய்மார் சிலர், தம் பெயரைக் கூப்பிட்டுக் குறி போடும் வரைக்கும் கிராணியாரின் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனாலும் ஏட்டில் பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் கணிப்பொறி முன் அமர்ந்து மற்றவர்களுடைய பெயர்களையும் சம்பளங்களையும் தாங்கும் நிரல்களை எழுதுகிறார்கள். இப்போது பேனா அவர்கள் கையில் இருக்கிறது. எதிரே நிற்பவர் பெயர் ஏட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுக் குறி போட வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே.